திருவீதியில் எழும் நாதம்



திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு. அலங்கார மண்டபத்தில் பெருமான் வெள்ளி விடையின்மேல் அம்மையோடு எழுந்தருளியிருக்கின்றான். திரை இன்னும் விலகவில்லை. தீவட்டி பிடிப்போரும் குடை பிடிப்போரும் ஸ்ரீபாதம் தாங்குவோரும் தத்தம் இடத்தில் ஆயத்தமாக நிற்கின்றனர். அப்பொழுது தவில் மட்டும் தனித்து எழுகின்றது. அதன் முழக்கம் மதிலெங்கும் மோதித் திரும்பி வரும் வேளையில் நாகசுரம் வாய் திறக்கின்றது. மல்லாரி தொடங்குகின்றது. திரை விலகுகின்றது.

அந்த வேளையில் நாம் என்ன செய்கின்றோம்? கன்னத்தில் போட்டுக்கொள்கின்றோம், கற்பூரச் சுடரைக் காண எட்டிப் பார்க்கின்றோம், உடன் வந்தவர் எங்கே என்று தேடுகின்றோம். இவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீடு திரும்பிய பின், "இன்று நாயனக்காரர் என்ன வாசித்தார்?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? வாகனத்தின் அழகைக் கூறுவோம்; மாலையின் அழகைக் கூறுவோம். பெருமானுக்கு முன்னே நான்கு வீதியும் நடந்து, தன் மூச்சையே மாலையாகத் தொடுத்துச் சாத்திய ஒருவரை மட்டும் மறந்துவிடுவோம். அந்த மறதியை நீக்கிக்கொள்வதற்கே இன்றைய சிந்தனை.

சொல்லில்லா இசையும் வழிபாடே

சைவ உலகில் இசை வழிபாட்டிற்கு அழகூட்டும் துணைப்பொருள் அன்று, இசையே வழிபாடு. கயிலையின்கீழ் அகப்பட்ட இராவணன் சாமகானம் பாடி உய்ந்தான். நீற்றறையில் இடப்பெற்ற நாவுக்கரசர் பெருமான், இறைவனது திருவடி நிழலின் இன்பத்திற்கு உவமை தேடியபோது முதலில் அவர் நினைவுக்கு வந்தது வீணையின் நாதம். நம்பியாரூரரோ இறைவனையே இசையாகக் கண்டவர்.

இவர்கள் பாடியவர்கள்; சொல் உடையவர்கள். சொல்லே இல்லாமல் கருவி ஒன்றினாலேயே வீடுபேறு எய்தியவர் ஒருவர் அறுபத்துமூவருள் இருக்கின்றார். அவரே ஆனாய நாயனார். மழநாட்டுத் திருமங்கலத்து ஆயர் குலத்தில் தோன்றிய அவர், பூத்து நின்ற கொன்றை மரத்தைக் கொன்றை சூடிய பெருமானாகவே கண்டு, அதன் முன் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தார். மேய்ந்த பசுக்கள் மேய்ச்சலை மறந்தன. பாம்பும் மயிலும் பகை மறந்தன. பெருமான் வெளிப்பட்டு, குழல் வாசித்த அந்த நிலையிலேயே அவரைத் தம்பால் அழைத்துக்கொண்டார்.

சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைக் கூறுமிடத்து நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயனாருடைய அன்பைக் கூறியதோடு அவர் அமையவில்லை. குழலுக்குரிய மூங்கிலை நூல்முறைப்படி அரிவது, அளவு கொள்வது, துளையிடுவது, விரல் வைப்பது, இதழ் பொருந்துவது ஆகிய அனைத்தையும் முறையாகச் சொல்கின்றார். அன்பு மட்டும் போதும் என்றால் இத்தனை நுணுக்கம் எதற்கு? இறைவனுக்குப் படைக்கும் பொருள் குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்னும் பொறுப்பே அதற்குக் காரணம். கைத்திறமும் பக்தியின் ஒரு கூறு என்பதே சேக்கிழார் வாக்கிலிருந்து நாம் பெறும் பாடம்.

பெயரும் பழமையும்

நாகசுரம் என்றும் நாதசுரம் என்றும் இக்கருவியை வழங்குகின்றோம். இசைவாணர் வீடுகளில் நாயனம் என்பதே வழக்கு. நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவிற்குப் பெரியமேளம் என்று பெயர்.

இக்கருவி தேவார காலத்திலேயே இப்பெயருடன் இருந்தது என்று கூற நம் உள்ளம் விழையும். ஆனால் கோயில் மேடையிலிருந்து உண்மையல்லாததைச் சொல்லலாகாது. மூவர் தேவாரத்தில் குழல், யாழ், முழவு, மொந்தை, தக்கை, கொக்கரை, குடமுழா எனப் பல கருவிகள் வருகின்றன. நாகசுரம் என்னும் பெயர் அங்கே இல்லை. எனினும் ஊதுகருவிகளின் மரபு நம் நாட்டில் மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றால் வங்கியம் செய்யப்படும் என்று எழுதுகின்றார்.

1010-ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை நிறைவுசெய்த இராசராச சோழர், அக்கோயில் பணியாளர்க்கு வகுத்த ஏற்பாட்டைக் கல்லிலே வெட்டி வைத்தார். திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். இவ்வைம்பதின்மருக்கும் ஆளொன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். வங்கியம் ஊதுவோருக்கும் அக்கோயிலில் பங்கு உண்டு. பேரரசர் ஒருவர் இசைவாணரின் நெல்லைக் கூடக் கணக்கிட்டுக் கல்லில் பொறித்தார் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதனை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

மரமும் மூச்சும்

கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, திருவாவடுதுறைக்கு அருகில், நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. நாகசுரம் செய்யும் கைவினைக்குப் புகழ்பெற்ற ஊர் அது. 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

உடற்பகுதிக்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்திரமுமே இதற்கு ஏற்றவை. பல்லாண்டு ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றி, இனி வெடிக்கவும் சுருங்கவும் ஒன்றும் இல்லை என்ற நிலையை அடைந்த மரமே நாதத்தைத் தாங்கும். பக்குவம் அடைந்த உயிரிடத்தேதான் அருள் பதியும் என்னும் சித்தாந்த உண்மையை அந்த மரத்துண்டு நமக்குக் காட்டுகின்றது.

மேலே ஏழு விரல் துளைகள். அவற்றிற்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள். இவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சீர்செய்வர். அடியில் அணசு என்னும் விரிந்த வாய். உச்சியில் கெண்டை, அதில் பொருத்தப்படுவது சீவாளி. நாணல் இனத்துத் தட்டையை அவித்து, உலர்த்தி, பதப்படுத்திச் செய்யப்படும் சீவாளி விரல்நுனி அளவே உடையது. நீண்ட கருவி முழுவதும் அந்தச் சிறு துண்டின் அதிர்விலேயே உயிர் பெறுகின்றது. நாயனத்தில் கோத்துத் தொங்கும் சீவாளிகளை நாம் வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடுகின்றோம். ஒன்று ஈரத்தில் தளர்ந்தால் மற்றொன்றை உடனே பொருத்துவதற்காகவே அவை அங்கே தொங்குகின்றன.

இக்கருவியில் ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்துளை இல்லை. துளையைப் பாதி மூடியும் கால் பங்கு திறந்தும், இதழால் சீவாளியை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்துமே சுர நுட்பங்களைப் பிறப்பிக்க வேண்டும். நாவால் தட்டித் தட்டி வாசிப்பது துத்துக்காரம்; நாவசைவின்றி ஒரே ஒழுக்காக வாசிப்பது அகாரம்; விரல்களின் வேலை விரலடி. இம்மூன்றும் ஒன்றுபடும்போது கேட்பவர்க்குத் துளையும் தெரியாது, விரலும் தெரியாது; ஆற்றொழுக்கே தெரியும்.

திருவாவடுதுறையில் இருந்தே திருமூலர் திருமந்திரம் அருளினார். மூச்சை அடக்கி ஆளும் வகையை விரித்துரைத்தவர் அவர். அத்தலத்தின் அருகிலேயே மூச்சினால் வாழும் இக்கருவி உருவாகி வருவது எண்ணுந்தோறும் இன்பம் தருகின்றது.

மேளத்தில் ஒத்து என்று ஒரு கருவி உண்டு. அதில் இசை வாசிக்க இடமில்லை. ஒரே சுருதியை மணிக்கணக்கில் விடாமல் ஊத வேண்டும். வாயால் காற்றை வெளியிடும்போதே மூக்கால் காற்றை உள்வாங்கி, ஒலி அறாமல் காப்பவர் ஒத்துக்காரர். பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை "ஒத்து ஊதுகிறான்" என்று நாம் இகழ்கின்றோம். உண்மையில் ஒத்து இல்லையேல் நாயனத்திற்கு நிலைக்களம் இல்லை. தன்னை வெளிக்காட்டாமல் பிறர் இசைக்கு நிலமாக நிற்பது தொண்டரின் இலக்கணம் அன்றோ?

தவிலுக்கும் உடல் நோவு உண்டு. பலாமரத்தில் குடைந்த அக்கருவியின் ஒருபுறத்தை விரல்களில் கூடு அணிந்த கையாலும், மறுபுறத்தைக் கழியாலும் முழக்க வேண்டும். அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு வீதி நடப்பவரின் தோளை ஒருநாள் நாம் உற்று நோக்கினால், அங்கே பட்டை பதிந்த தழும்பைக் காண்போம்.

மல்லாரி முதல் பள்ளியறை வரை

திருவிழாவில் நாகசுரம் மனம்போன போக்கில் ஒலிப்பதன்று. அதற்கு வகுத்த முறை உண்டு. கொடியேற்றத்தின்போது நவசந்தியில் ஒவ்வொரு திசைக்கும் உரிய பண்ணும் தாளமும் உண்டு. புறப்பாட்டிற்கு மல்லாரி. தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி; நிவேதனம் வரும்போது தளிகை மல்லாரி; தேருக்குத் தேர் மல்லாரி. இசை தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கோயிலில் அப்பொழுது நிகழ்வது இன்னது என்று மல்லாரியைக் கொண்டே அறிவர்.

மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. அதற்கு உரிய இராகம் கம்பீரநாட்டை. ஐந்தே சுரங்கள். ஒரே அடைவை முதலில் நிதானமாகவும், பின் இரட்டித்தும், மேலும் இரட்டித்தும் வாசிப்பர். காலம் ஏற ஏறக் கேட்போர் உள்ளமும் எழுந்து நிற்கும்.

இங்கே ஓர் அரிய பொருத்தம் உண்டு. சீகாழித் திருக்குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தையாகிய ஞானசம்பந்தர் அருளிய முதற்பதிகத்தின் பண் நட்டபாடை. அப்பண்ணை இன்று ஓதுவார்கள் கம்பீரநாட்டையாகவே பாடி வருகின்றனர். ஆகவே, பெருமான் புறப்படும்போது எழும் மல்லாரியும், முதல் திருமுறையின் முதற்பதிகமும் ஒரே இசைவடிவில் நிற்கின்றன. குழந்தை இறைவனைக் கண்டு சுட்டிக்காட்டிய கணத்தின் பண்ணே, இன்று இறைவன் நமக்குக் காட்சி தர வெளிவரும் கணத்திலும் ஒலிக்கின்றது. இதனை அறிந்த பின்னர் மல்லாரி நம் செவிக்கு வெறும் ஆரவாரமாக இராது.

கோபுர வாயில் கடந்து வீதியில் இறங்கியதும் இராக ஆலாபனை தொடங்கும். காம்போதியோ தோடியோ கல்யாணியோ, ஒரு வீதியில் பிடித்த இராகம் அடுத்த வீதி வரையிலும் விரிந்து செல்லும். மூலையில் வாகனம் நிற்கும். நாயனம் அங்கே நின்று பெருகும். சுவாமி நகரும், இராகமும் நகரும். பாட்டைத் துணைக்கொள்ளாமல் இராகத்தை மட்டும் நெடுநேரம் வளர்க்கும் கலை நம் நாட்டில் இத்துணை செழித்ததற்குத் திருவீதிகள் தந்த இடமும் இரவுகள் தந்த பொழுதும் பெருங்காரணம். விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என்று ஒரு நாளின் பொழுதுகளே இசையாக மாறி இறைவனைச் சூழ்ந்திருக்கும்.

கருவிக்குள் பாடல் அடங்குமா?

ஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பிள்ளையார் பாடப் பாட அவர் யாழில் இசைத்து வந்தார். யாழில் அடங்குவதால்தான் அப்பாடல்கள் சிறக்கின்றன என்று அவர் சுற்றத்தார் எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்ற வேண்டித் தருமபுரத்தில் பிள்ளையார் அருளிய பதிகம் யாழில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழை உடைக்க முற்பட்டார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் இசைத்து வருமாறு தேற்றினார்.

கருவியைக் கையில் எடுத்தவர் எல்லோருக்கும் யாழ்ப்பாணரின் அந்த ஏக்கம் உண்டு. மனிதக் குரல் செல்லும் இடமெல்லாம் கருவி செல்லுமா? இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு விடை தேடியவருள் தலையாயவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை.

1898-ஆம் ஆண்டில் பிறந்த அவர், வாய்ப்பாட்டும் பயின்றவர். அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டை நாயனம். அதன் சுருதி மிக உயர்ந்தது. வீதிக்கும் வெளிக்கும் ஏற்றது. ஆனால் அதில் சுத்த மத்திமம் செவ்வையாகப் பேசாது. தோடிக்கும் காம்போதிக்கும் சங்கராபரணத்திற்கும் சுத்த மத்திமம் உயிர்நிலை. இக்குறையை நீக்க இராசரத்தினம் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை நாடினார். ஆசாரியின் கைத்திறத்தால் நீண்ட உடலும் தாழ்ந்த சுருதியும் செம்மையான மத்திமமும் கொண்ட பாரி நாயனம் அமைந்தது. யாழ்ப்பாணர் உடைக்க எடுத்த கருவியைத் தேற்றிக் கொடுத்தவர் பிள்ளையார். இங்கே குறையுடைய கருவியைத் தேற்றிக் கொடுத்தவர் ஓர் ஆசாரி.

அந்தப் பாரி நாயனத்தில் அவர் வாசித்த தோடி தனிப்புகழ் எய்தியது. இசைத்தட்டில் இன்றும் அதனைக் கேட்கலாம். எடுத்தவுடன் உச்சிக்குத் தாவாமல், ஒரு சுரத்தில் நின்று, அதனை அசைத்து, அதன் அயலைத் தொட்டுத் திரும்பி, மெல்ல மெல்லக் கதவு திறப்பது போல அது விரியும். பின்னர் மின்னல்போல் பாயும் பிருகாக்கள். எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சுரமும் தெளிந்து நிற்கும். ஜி. என். பாலசுப்பிரமணியம் முதலிய வாய்ப்பாட்டு வல்லுநர்களே அந்நாகசுரத்தைக் கேட்டுத் தம் பாட்டை வளப்படுத்திக்கொண்டனர். குரலைப் பின்தொடர்ந்த கருவியைக் குரல் பின்தொடரும் காலம் வந்தது.

1947 ஆகஸ்டு மாதத்தில் நாடு விடுதலை பெற்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோல் ஏந்தி தில்லி சென்ற குழுவில் ஆதீன வித்துவானாகிய அவரும் இருந்தார். 1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் மறைந்தார்.

அவர் ஒருவரே வானத்து நிலவு என்று கூறி மற்ற விண்மீன்களை மறத்தல் ஆகாது. கீர்த்தனைகளைப் பாடமுறை பிறழாமல் இணைந்து வாசித்த திருவீழிமிழலைச் சகோதரர்கள். அவருள் சுப்பிரமணிய பிள்ளை 1956-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ரக்தி மேளத்திற்குப் பெயர்பெற்ற செம்பொன்னார்கோயில் மரபினர். இராசரத்தினத்தின் மாணவர் காருகுறிச்சி அருணாசலம். ஈழத்துச் சைவம் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975). இவ்வாறு அந்தப் பட்டியல் நீளும்.

ஆந்திர நாட்டுக் கரவதியில் பிறந்த இசுலாமியராகிய ஷேக் சின்ன மௌலானா, திருவரங்கத்தில் குடியேறி அரங்கன் திருமுன் நாகசுரம் வாசித்தார். 1998-இல் சங்கீத கலாநிதியும் ஆனார். காசியிலோ, கங்கைக் கரையின் பாலாஜி கோயிலில் நாள்தோறும் ஷெனாய் பயின்று வளர்ந்த பிஸ்மில்லா கான் 2001-இல் பாரத ரத்தினம் ஆனார். நாணல் துண்டில் ஊதும் மூச்சிற்குச் சாதியும் சமயமும் இல்லை. ஆனாயரின் குழல் முன் பாம்பும் மயிலும் பகை மறந்ததாகப் படித்தோமே, அது புராணத்தோடு முடிந்துபோன செய்தி அன்று.

நாம் செய்ய வேண்டியது

இத்துணைச் சிறப்புடைய கலைஞரை நாம் எவ்வாறு போற்றினோம்? இதற்கு விடை கூற நா எழவில்லை. தோளில் கிடக்க வேண்டிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செல்வர் முன் நின்றே வாசிக்க வேண்டும் என்ற நிலை அவர்க்கு இருந்தது. இராசரத்தினம் பிள்ளை மேடையில் அமர்ந்து, பிற வித்துவான்களுக்குச் சமமாக வாசித்தே தீருவேன் என்று நின்றார். சிலர் அதனைச் செருக்கு என்றனர். தன் கலையின் மதிப்பைக் காத்த மானம் என்றே நாம் அதனைக் கொள்ள வேண்டும்.

இன்று துண்டு தோளில் இருக்கின்றது. ஆனால் மேளம் குறைந்து வருகின்றது. பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் பொறி மணியையும் முரசையும் தானே அடித்துக்கொள்கின்றது. ஆளுக்குக் கூலி கொடுக்க வருவாய் இல்லாத சிறு கோயிலைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆனால் வருவாய் உள்ள ஊரிலும், பந்தலுக்கும் விளக்குக்கும் வெடிக்கும் மலர்ந்த கை மேளத்திற்கு மட்டும் சுருங்குவது முறையா? பொறிக்கு மூச்சு இல்லை. மூச்சு இல்லாத இடத்தில் நாதம் உண்டு, வழிபாடு இல்லை. பேரரசர் முக்குறுணி நெல்லைக் கல்லில் வெட்டியது, அந்த மூச்சு அற்றுப்போகாமல் காப்பதற்கே.

ஆகவே அன்பர்களே, நம்மால் இயன்றவை சில உண்டு. மல்லாரி தொடங்கியது முதல் வாகனம் வாயில் கடக்கும் வரையில் பேச்சை நிறுத்துவோம். வீதியில் ஒரு மூலையிலேனும் மேளத்தின் அருகே நின்று, இராகம் எவ்வாறு அரும்பி மலர்கின்றது என்று செவி கொடுப்போம். நாயனம் ஒலிக்கும்போது ஒலிபெருக்கியில் வேறு பாட்டை வைக்காதிருப்போம். சுவாமி கோயிலுக்குத் திரும்பிய பின், ஒத்துக்காரர் உட்பட மேளத்தார் அனைவருக்கும் பசியாற முதற்பந்தியில் இடம் தருவோம். நம் குழந்தைகளை அவர் அருகே அழைத்துச் சென்று, "இவர் பெருமானுக்கு வாசித்தவர், வணங்கு" என்று சொல்வோம். பழனித் திருக்கோயில் போன்ற இடங்களில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன; கற்க விரும்பும் பிள்ளையைக் கண்டால் ஊக்குவிப்போம்.

இன்றிரவும் புறப்பாடு உண்டு. திரை விலகுவதற்குச் சற்று முன் தவில் எழும். நாகசுரம் சீகாழிப் பிள்ளையாரின் பண்ணில் வாய் திறக்கும். கண்ணால் காண்பதற்குமுன் செவியால் அவனைக் காண்போம்.

நாத வடிவாகிய பெருமானின் திருவருள் முன்னிற்க.